ஒன்றுக்கு ஐநூறு

ஞாயிறு காலை பதினோரு மணி.
மாநகராட்சிப் பள்ளியின் நாலாம் வகுப்பில்
பகுதி சபைக் கூட்டம்.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் வகுத்தல் கணக்கு
மீதியோடு நின்றிருந்தது.
அதன்மேல் என் வரைபடத்தை
செலோடேப்பால் ஒட்டினார்கள்.

ஆமாம், நான் வரைந்ததுதான்.
சித்தாலப்பாக்கம் தாண்டி எட்டரை ஏக்கர்,
நூற்றுப் பன்னிரண்டு மனை, முப்பதடிச் சாலை,
நடுவில் பச்சையாக ஒரு கட்டம்:
பொது ஒதுக்கீடு.

பச்சையில் என்ன வரட்டும் என்று கேட்டார்கள்.
பூங்கா என்றார் தேசிங்கு,
எட்டு போட்டு நடக்கக் கூழாங்கல் பாதையோடு.
ரேஷன் கடை என்றார் நூர்ஜஹான் டீச்சர்,
ரெண்டு கிலோமீட்டர் சுமக்கிறோம் பாமாயிலை.
டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும் என்பதில்
எல்லோரும் ஒரே கட்சி.
யார் வாசலுக்கு எதிரே என்றதும்
நூற்றுப் பன்னிரண்டு கட்சி.
மூன்று ஏசி வைத்திருக்கும் முப்பத்தேழாம் மனைக்காரர்
கதிர்வீச்சைப் பற்றி நெடுநேரம் பேசினார்.
வார்டு உறுப்பினர் எழுதிக்கொண்டே இருந்தார்.
பேனா எழுதவில்லை, உதறினார்,
முன்வரிசைச் சட்டையில் நீலமாய்த் தெறித்தது.

பச்சையை ஒட்டி ஓடும் நீலக்கோட்டைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.

பழைய புலப்படத்தில் அந்த வாய்க்கால் ஆறு மீட்டர்.
என் அளவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கணும்.
நாலு இருக்கிறது.
மீதி எட்டில்
கிழக்குப் பார்த்த மூன்று மனைகள் கொஞ்சம் பெருத்தன.
முதலில் விற்றவை அவைதான்.
புரமோட்டர் மிரட்டியதாகச் சொன்னால் பொய்.
டீ வாங்கிக் கொடுத்தார்,
'ரெண்டரை நூல்தானே தம்பி, உள்ள தள்ளிப் போடேன்' என்றார்.
பணமுடை என்று சொன்னால் அதுவும் பொய்.
மவுஸை நகர்த்தினேன், நகர்ந்தது.
அவ்வளவுதான்.

போன கார்த்திகையில்
தண்ணீர் வந்து அளந்து பார்த்தது.
என் படத்தை அதற்கு யாரும் காட்டவில்லை போலிருக்கிறது,
சரியாக ஆறு மீட்டர் எடுத்துக்கொண்டது.
மூன்று வீட்டிலும் ஃபிரிட்ஜ் மல்லாந்தது.
'தாழ்வான இடம் சார், நாலு லோடு கிராவல் அடிச்சா சரியாயிடும்'
என்றார்கள் இன்றைக்கும்.
அது மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.
நானும் கைதூக்கினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து பூங்காவனம் எழுந்து வந்தாள்.
வருகை நோட்டில் மனை எண் என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தவள்.
காய்ந்த மாவு ஒட்டிய விரலைப்
படத்தில் படாமல் நீட்டினாள்:
'இதுல என் இட்லி வண்டி எங்க நிக்குது சார்?'

பச்சையைக் காட்டினேன்.

'என் பேரையேதான் வெக்கப் போறாங்களா' என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல்,
'கம்பி வேலி போடுவாங்களா, கேட்டு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?
எனக்கு அஞ்சரைக்கே அடுப்பு ஏத்தணும்.'

சாலைக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறேன்,
கழிவுநீருக்கு ஒன்று,
கம்பத்துக்கு ஒரு குறி, மரத்துக்கு ஒரு குறி.
அடுப்புக்கு இல்லை.
பையில் பென்சில் இருந்தது.
பச்சையின் வடகிழக்கில், வேப்பமரக் குறியை ஒட்டி,
அளவுப்படியே வைத்தேன்:
மூன்று மில்லிமீட்டர்,
வாய்க்காலில் நான் எடுத்ததில் பாதிகூட இல்லை.

மதியம் படத்தைச் சுருட்டும்போது
உதவிப் பொறியாளர் கண்ணில் பட்டது.
ஈ எச்சம் என்று நினைத்தாரோ என்னவோ,
கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.
முழுக்கப் போகவில்லை.
எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்,
ரப்பர் பேண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.